ஓரமாக நிற்கும் பிள்ளையிடமிருந்து தொடங்குங்கள்

உங்கள் பகுதிப் பிள்ளைகளை விளையாட்டின் பக்கம் திருப்ப வேண்டுமா? தயவுசெய்து போட்டி நடத்தித் தொடங்காதீர்கள். போட்டி என்றதும் ஏற்கெனவே நன்றாக ஆடுகிறவர்கள்தான் வருவார்கள். மற்றவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நமக்கு வேண்டியவர்கள் அந்த மற்றவர்கள்தான்.

வாரத்தில் மூன்று நாள், ஒரே இடம், ஒரே நேரம் என்று வையுங்கள். இரண்டே பேர் வந்தாலும் நடத்துங்கள். ஆட்டமிழந்தவரை உட்காரவைக்கும் விளையாட்டுகள் மட்டும் வேண்டாம். யார் அதிகம் ஓட வேண்டுமோ, அந்தப் பிள்ளைதான் முதலில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ‘அவுட்’ ஆனவர் பத்து முறை கயிறு தாண்டிவிட்டு மீண்டும் சேரலாம் என்று விதியை மாற்றிப் பாருங்கள். கைகட்டி ஓரமாக நின்ற பிள்ளை, மூச்சு வாங்க எண்ணி முடித்துவிட்டு உள்ளே ஓடிவருவதைக் காண்பீர்கள். அது எனக்கு எந்தக் கோப்பையையும்விடப் பெரிது.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடம், மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. நடந்து பள்ளிக்குப் போவதும் கணக்கில் சேரும்.

உலக அளவில் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளே குறைவாக விளையாடுகிறார்கள். எந்த நேரம் வசதி, யார் துணைக்கு வர வேண்டும் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். மற்றவர்கள் அதற்கேற்ப மாறிக்கொள்ளட்டும்.

வென்றவர்களுக்குக் குளிர்பானம் வாங்கித் தராதீர்கள். குடிதண்ணீர் எல்லோருக்கும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.