பயிற்சி வானில் மோதலைத் தவிர்ப்பது எப்படி? புதிய பயிற்சி விமானிகளுக்கு

2020 பிப்ரவரி 19 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மங்களூர் விமானத்தளத்துக்குத் தெற்கே (நம் கர்நாடக மங்களூர் அல்ல, பெயர் மட்டும் ஒன்று) இரண்டு பயிற்சி விமானங்கள் சுமார் 4,100 அடி உயரத்தில் மோதின. நான்கு பேர் இறந்தனர். ஒரு விமானம் தளத்திலிருந்து மேலேறிக்கொண்டிருந்தது, மற்றொன்று தளத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. இன்னொரு விமானம் அருகில் இருப்பதைக் கட்டுப்பாட்டு அதிகாரி இரு தரப்புக்கும் சொல்லியிருந்தார். ஆனால், அதைக் கேட்ட பிறகு அந்த இரு விமானங்களும் ஒன்றோடொன்று வானொலியில் பேசிக்கொண்டதாக விசாரணையில் தெரியவரவில்லை.

அங்கே விமானங்களைப் பிரித்து வைக்கும் பொறுப்பு விமானிகளுடையது. அதிகாரி தகவல் தருவார், அவ்வளவுதான். நீங்கள் பயிற்சி எடுக்கும் வானும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதில் மயிரிழையில் தப்பும் நிலைக்கே போகாமல் இருக்கச் செய்ய வேண்டியவை இவை.

படி 1: தரையிலேயே தொடங்குங்கள்

பயிற்சிப் பகுதியின் எல்லை, அதற்குரிய வானொலி அலைவரிசை, எல்லோரும் அடையாளமாகச் சொல்லும் ஏரி, பாலம், ரயில் நிலையம் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் வேறு யார், எந்த உயரத்தில் பறக்கப்போகிறார்கள் என்று பயிற்சிப் பள்ளியில் கேளுங்கள்.

படி 2: கண்ணைப் பழக்குங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு விமானத்தைக் கண்டு, அது மோதும் பாதையில் இருப்பதை உணர்ந்து, முடிவெடுத்து, கட்டுப்பாட்டை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்குவதற்குள் சுமார் 12.5 விநாடிகள் போய்விடும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் காட்டும் கணக்கு. இரண்டு செஸ்னா 172 விமானங்கள் ஒவ்வொன்றும் 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் நேருக்கு நேர் வந்தால், அந்த நேரத்தில் இடைவெளி 1.3 கிலோமீட்டர் குறைந்துவிடும். அந்தத் தொலைவில், 11 மீட்டர் இறக்கையுள்ள அந்த விமானம் முழுநிலவின் அகலத்துக்குத்தான் தெரியும். அதுவும் வட்டமாக அல்ல, ஒரு மெல்லிய கோடாக.

ஆகவே வானத்தின் மீது பார்வையைச் சும்மா ஓட்டினால் போதாது. கண் நகரும்போது சிறிய பொருள் அதற்குப் பிடிபடாது. 10 பாகைக்கு மேல் போகாத சிறு பகுதிகளாக வானத்தைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு விநாடியாவது பார்வையை நிறுத்துங்கள். வெறும் நீல வானத்தைப் பார்க்கும்போது கண் தானாகவே சில அடி தூரத்தில் குவிந்துவிடும். அதனால் அவ்வப்போது தொலைவிலுள்ள மலையையோ மேகத்தின் விளிம்பையோ பார்த்துவிட்டுத் தேடலைத் தொடருங்கள்.

இன்னொன்றை மறக்கவே கூடாது. விமானத்தின் முன்கண்ணாடியில் நகர்ந்து செல்லும் விமானம் பெரும்பாலும் உங்களைக் கடந்து போய்விடும். நகராமல் ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, மெல்லப் பெரிதாகும் விமானம்தான் உங்களை நோக்கி வருகிறது. அசைவற்ற புள்ளி கண்ணை ஈர்க்காது, கண்ணாடிச் சட்டத்தின் பின்னாலும் ஒளிந்துகொள்ளும். தலையை முன்னும் பின்னும் அசைத்து அந்தச் சட்டத்துக்கு அப்பாலும் பாருங்கள்.

படி 3: பயிற்சிக்கு முன் சுற்றிப் பாருங்கள்

ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை), செங்குத்துத் திருப்பம் போன்றவற்றைத் தொடங்கும் முன் இருபுறமும் 90 பாகை திரும்பிப் பாருங்கள். இறக்கை மேலே இருக்கும் செஸ்னா திரும்பும்போது, திரும்பும் பக்கத்து இறக்கையே அந்தத் திசையை மறைத்துவிடும். அதனால் முதலில் அந்த இறக்கையைச் சற்றுத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பைப்பர் போன்ற தாழ் இறக்கை விமானங்களில் கீழே இருப்பது தெரியாது.

படி 4: வானொலியில் பேசுங்கள், கேளுங்கள்

யாரை அழைக்கிறீர்கள், உங்கள் விமானம் எது, எங்கே, எந்த உயரத்தில், என்ன செய்யப்போகிறீர்கள்: இந்த வரிசையில் சுருக்கமாகச் சொல்லுங்கள். தளத்தை நெருங்கும்போது 10 கடல் மைலுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து தேடும்போது தேடலின் பலன் எட்டு மடங்கு கூடுகிறது என்கிறது, ஆஸ்திரேலிய விசாரணைப் பணியகம் 1991இல் வெளியிட்ட அறிக்கை. மற்றவர் பேச்சைக் கேட்பதன் முழுப் பயனும் இதுதான். ஆனால் கேட்டதோடு நிறுத்திவிடக் கூடாது. உங்களுக்கு அருகே ஒரு விமானம் இருப்பதாகச் சொல்லப்பட்டால், அதன் பெயரைச் சொல்லி அழைத்து, "நான் 3,500 அடியில் இருக்கிறேன், நீங்கள் மேலே இருங்கள்" என்று பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மங்களூரில் நடக்காமல் போனது இதுதான். புதிய மாணவர்கள் வானொலியில் பேசக் கூச்சப்படுவார்கள். இந்த ஓர் அழைப்புக்காவது அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள்.

அருகிலுள்ள விமானங்களைக் காட்டும் ஏடிஎஸ்-பி திரை இருந்தால் பயன்படுத்துங்கள். அது கண்ணை எந்தத் திசையில் திருப்ப வேண்டும் என்று சொல்லும். சமிக்ஞை அனுப்பாத விமானம் மட்டும் அதில் தெரியாது.

படி 5: சர்க்யூட்டில் இரட்டிப்புக் கவனம்

இறங்குவதற்காக ஓடுதளத்தைச் சுற்றிவரும் பாதைதான் சர்க்யூட். எல்லோரும் ஒரே ஓடுதளத்தை நோக்கி வருவதால் நெரிசல் இங்கேதான் அதிகம். ஃபைனலில் (ஓடுதளத்துக்கு நேராக இறங்கும் கடைசிப் பகுதி) தாழ் இறக்கை விமானம் மேலேயும், உயர் இறக்கை விமானம் கீழேயும் வந்தால் ஒருவருக்கும் மற்றவர் தெரியாது. அதற்கு முந்தைய குறுக்குப் பகுதியான பேஸிலிருந்து திரும்பும் முன் ஃபைனல் பாதை முழுவதையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் இறங்காமல் மீண்டும் ஒரு சுற்றுப் போங்கள்.

படி 6: நெருங்கிவிட்டால்

நேருக்கு நேர் வந்தால் இருவருமே வலப்புறம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், மற்றவரைத் தன் வலப்புறத்தில் காண்பவர் வழிவிட வேண்டும். ஆனால் வழியுரிமை உங்களுக்கே இருந்தாலும், எதிரே வருபவர் உங்களைப் பார்த்திருப்பார் என்று நம்பி நேராகவே போகாதீர்கள். விலகிய பிறகும் அந்த விமானத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

இறங்கியதும் நேரம், இடம், உயரம், இரு விமானங்களும் போன திசை, தோராயமான இடைவெளி ஆகியவற்றை எழுதிப் பயிற்றுநரிடம் கொடுத்து, நீங்கள் பறக்கும் நாட்டின் விமான விபத்து விசாரணை அமைப்புக்கும் தெரிவியுங்கள். தவறு யாருடையது என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை. இதே இடத்தில் வேறொருவரும் இப்படித் தப்பியிருந்தால், பயிற்சிப் பகுதியின் எல்லையையோ உயரத்தையோ மாற்ற வேண்டும் என்பது இந்த அறிக்கைகளைச் சேர்த்துப் படிப்பவருக்குத்தான் புலப்படும்.