காவிரி டெல்டாவுல ஏரிக்கும் அலையாத்திக் காட்டுக்கும் பிளான் போடுறவங்க பண்ணுற தப்புகள்

வடுவூர் ஏரி, உதயமார்த்தாண்டபுரம் ஏரி, பிச்சாவரம் அலையாத்திக் காடு மூணும் 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, வந்ததுலேர்ந்து நம்ம பக்கம் யாரப் பாத்தாலும் ஈரநிலப் பாதுகாப்பு, மேலாண்மைத் திட்டம்னுதான் பேச்சு, நல்லதுதான், கோடியக்கரை 2002லயே வந்துடுச்சு அப்ப இவ்ளோ பேச்சு கெடயாது. ஆனா போடுற பிளானப் படிச்சா எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. கரையப் பலப்படுத்தணும், தூர்வாரணும், மரம் நடணும், நடைபாதை, வாட்ச் டவர், முடிஞ்சுது. தண்ணி எங்கேர்ந்து வருது, எந்த மாசம் வத்துது, மிச்சம் எங்க வடியுது, இதுக்கு ஒரு பத்திகூட இருக்காது. கீழ சொல்லுற தப்பெல்லாம் இந்த ஒண்ணுலேர்ந்து கெளம்பினதுதான்.

முதல்ல, பிளானோட எல்லைக் கோட்ட ஏரிக்கரையோட நிறுத்திக்கிறது. உதயமார்த்தாண்டபுரத்துல கூட்டம் கூட்டமா நத்தைக்குத்தி நாரை வருது, அலகு ரெண்டும் முழுசா மூடாது, நடுவுல சந்து இருக்கும், நத்தைய ஓட்டுலேர்ந்து உருவுறதுக்குன்னே அமஞ்ச அலகு. கூடு ஏரிக்குள்ள மரத்துல. சாப்பாடு? பெரும்பாலும் சுத்தி இருக்க நெல்லு வயல்ல. அந்த வயல்ல நண்டு வரப்ப ஓட்ட போடுதுன்னு குருணை மருந்து போட்டா அது பறவைக்கும் விஷம்தான், ஏரிய சுத்தி எவ்ளோ அழகா வேலி போட்டாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. இதுல சட்டத்தையும் முழுசா நம்ப முடியாது, 2017 ஈரநில விதிகள்ல ஈரநிலம்னா என்னன்னு சொல்லுற எடத்துல நெல்வயல், ஆத்துப்படுகை, பாசனத்துக்குன்னு கட்டுன ஏரி எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டாங்க. டெல்டாவுல அத எல்லாம் கழிச்சா அப்புறம் என்னங்க மிச்சம்? ராம்சார் பட்டியல்ல வந்த ஏரிக்கு அந்தக் கவலை இல்ல, பக்கத்து ஊர் ஏரிக்கு உண்டு. அதனால சர்க்கார் லிஸ்ட்ட மட்டும் வச்சு மேப் போடாதீங்க. மேட்டூர் ஜூன் 12 தொறந்து ஜனவரி 28 மூடுறது வழக்கம், அது தள்ளிப்போற வருஷம் ஏரி நெறையுறதும் தள்ளிப்போகும், உங்க பிளான்ல இருக்க மாசக் கணக்கெல்லாம் அதோட போச்சு. மதகுல ஷட்டர் தூக்குற லஸ்கருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு உக்காந்தீங்கன்னா எந்த வாய்க்கால்ல தண்ணி எப்ப வரும், எங்க அடைச்சிருக்குன்னு அரை மணி நேரத்துல சொல்லிடுவாரு, அது எந்த சேட்டிலைட் படத்துலயும் இருக்காது.

இப்ப தூர்வாருறது. இதத்தான் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நல்ல மனசோட பண்ணுறாங்க, காசும் அதிகம் இதுலதான் போகுது. எங்க ஊர் பக்கம் ஒரு ஏரி, பேரு வேணாம், ரெண்டு ஹிட்டாச்சி எறக்கி ஒரே மட்டமா வெட்டி கரைய செவுரு மாதிரி செங்குத்தா நிமித்திட்டாங்க. மழை முடிஞ்சு போய்ப் பாத்தா தண்ணி தளும்புது, நீச்சல் குளம் மாதிரி. நீர்க்காகம் நாலஞ்சு முங்கி முங்கி எழுந்திரிக்குது, அது சரி அதுக்கு ஆழம் வேணும். ஓரத்துல உள்ளான், சேத்துல மேயுற சின்னப் பறவை, ஒண்ணு மட்டும் கரைச் சரிவுல இங்கயும் அங்கயும் ஓடுது, எறங்க எடமே இல்ல. அதோட கால் நீளமே நம்ம சுண்டு விரல் அளவுதான், அதுக்கு வேணுங்கிறது கணுக்கால்கூட நனையாத தண்ணியும் சேறும். நாரைக்கு முழங்கால் அளவு போதும். தாமரைக்கோழிக்கு மெதக்குற இலை வேணும், அது மேலதான் முட்டையே வைக்கும், ஆகாயத்தாமரைய வாருறேன்னு அல்லியையும் சேத்து வழிச்சு எடுத்தீங்கன்னா அதுவும் காலி. ஆக வெட்டுங்க, வேணாங்கல, ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரித் தண்ணி பாயுற வயலுக்கு, தண்ணி நிக்கணும், ஆனா ஒரு பக்கம் ஆழம், நடுவுல அர ஆழம், ஒரு கரை நல்லா படுத்தாப்புல சரிவுன்னு எஸ்டிமேட் போடுறப்பவே எழுதிடுங்க, வேலை நடக்குறப்ப டிரைவர்கிட்ட போயி கெஞ்சி பிரயோசனம் இல்ல, அவருக்கு கன மீட்டர் கணக்கு.

வருஷம் பூரா தண்ணி நிக்கணும்னு ஆசப்படுறதும் இதோட அண்ணன் தம்பிதான். நம்ம ஏரிங்க வத்துற ஏரிங்க. தண்ணி கொறையக் கொறைய மீன் எல்லாம் குட்டையில சேரும், கூட்டுல குஞ்சு வச்சிருக்க பறவைக்கு அதுதான் பந்தி. வத்துறத நோய் மாதிரி பாக்காதீங்க.

மரம் நடுறதுல ரெண்டு விஷயம். ஒண்ணு, சீமைக்கருவ கெட்டதுதான், நானே வெட்டுனவன், ஆனா ஏரி நடுவுல வேற மரமே இல்லாதப்ப பறவை அதுலதான் கூடு கட்டியிருக்கும், ஒரே சீசன்ல மொத்தத்தையும் புடுங்கினா அடுத்த வருஷம் எங்க போகும்? நாட்டுக்கருவ, நீர்க்கடம்பு நட்டு அது எழும்புற வரைக்கும் பகுதி பகுதியா எடுக்கணும். ரெண்டாவது அலையாத்தி. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு முத்துப்பேட்டை காடு நாசமானதுக்கு அப்புறம் எல்லாரும் நாத்து நட ஓடினோம், உணர்ச்சி புரியுது. ஆனா பிச்சாவரத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க, அந்தக் காலத்துல கூப்பு விட்டு, அதாவது காட்டப் பகுதி பகுதியா பிரிச்சு, மொத்தமா வெட்டுன எடத்துல தரை தொட்டி மாதிரி எறங்கிடுச்சு, உள்ள வந்த கடல் தண்ணி திரும்பிப் போகாம நின்னு காஞ்சு உப்பு ஏறிடுச்சு, நட்டதெல்லாம் செத்துச்சு. அப்புறம் மீன்முள்ளு மாதிரி நடுவுல ஒரு வாய்க்கால், ரெண்டு பக்கமும் கெளை வாய்க்கால்னு வெட்டி ஓதம், அதாவது கடல் தண்ணி, ஏறி எறங்க வழி பண்ணுனப்பதான் காடு திரும்பி வந்துச்சு. முத்துப்பேட்டையிலயும் அதே முறையத்தான் செஞ்சாங்க. அதே மாதிரி கோடியக்கரை பக்கம் வெறும் சேறா கெடக்குதேன்னு எங்கயும் நாத்து நட்டுடாதீங்க, அது பூநாரை மேயுற எடம், வெறும் எடம் கெடயாது.

அப்புறம் இந்த சூழல் சேவைக் கணக்கு. வெள்ளம் தாங்குது, நெலத்தடித் தண்ணி ஊறுது, மீன் கெடைக்குதுன்னு எல்லாத்தையும் கூட்டி ஒரு ரூபா நம்பர் போட்டு முதல் பக்கத்துல அச்சடிக்கிறாங்க. யாருக்கு எவ்ளோன்னு பிரிச்சாதான் அது உபயோகம். மீன் குத்தகை எடுத்தவருக்கு சீக்கிரம் தண்ணி கொறைஞ்சா நல்லது, ஆயக்கட்டுக்காரருக்கு தண்ணி நிக்கணும், கோரை அறுக்குறவங்களுக்கும் ஆடு மேய்க்கிறவங்களுக்கும் ஓரம் வேணும், நத்தையும் நண்டும் பொறுக்குறவங்களுக்கு குத்தகையே கெடயாது. இவங்க எல்லாரையும் நடவு சீசன்ல காலையில பதினொரு மணிக்கு மீட்டிங் வச்சு கூப்புட்டா யார் வருவா? வெள்ள வேட்டி நாலு பேர்தான். சாயங்காலம் வயல்லேர்ந்து வந்ததுக்கு அப்புறம் டீக்கடை வாசல்ல வைங்க, அதுவும் பொம்பளைங்களத் தனியா ஒரு தடவ.

கடைசியா எண்ணிக்கை. ஜனவரியில ஒரு நாள் பைனாகுலரோட போயி எண்ணிட்டு அதையே வருஷக் கணக்கா எழுதுறது. வலசை வந்த வாத்தும் உள்ளானும் அந்தக் கணக்குல வந்துடும், மத்த மாசம் என்ன நடக்குதுன்னு தெரியாது. மாசம் ஒரு தடவ, அதே எடத்துல நின்னு, தண்ணி எவ்ளோ ஆழம்னு குச்சிய வச்சு அளந்து சேத்து எழுதுங்க, நோட்டு பேனா போதும். வெயில்ல வத்திப்போன ஏரியில எண்ண என்னடா இருக்குன்னு கூட வந்த பையன் கேட்டான், ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசம், கேட்டுக்கிட்டே காலத் தூக்குனவன் அப்படியே நின்னுட்டான், மாட்டுக் குளம்படிப் பள்ளத்துக்கு ஒரு சாண் தள்ளி மண்ணு கலர்லயே நாலு ஆள்காட்டிக் குருவி முட்டை, தாய்ப் பறவை எங்க தலைக்கு மேல கத்திக்கிட்டு சுத்துது. ஹிட்டாச்சி எறங்குறதும் அந்த மாசம்தான், அந்த வழியாதான்.