டெபாசிட் இழந்தவரின் அரசியல் வாழ்க்கையை எழுதுவது எப்படி

என் அப்பா 1989இலும் 2001இலும் சட்டமன்றத் தேர்தலில் நின்றார். இரண்டு முறையும் டெபாசிட் போனது. கடலூர் முதுநகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே சிறிய கட்சியில் ஒன்றியச் செயலாளராக இருந்து, அந்தப் பொறுப்பிலேயே இறந்தார். அவர் வாழ்க்கையை எழுதி முடிக்க எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்திருந்தால், நான் பட்ட அலைச்சல் உங்களுக்குக் குறையட்டும்.

ஓட்டைப் பிரிக்க நின்றவர் என்று உறவினர்கள் பேசுவதை முதலில் காதில் வாங்காதீர்கள். 1951இல் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் தொடங்கிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, மறு ஆண்டே சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 19 இடங்களைப் பிடித்தது. 1954இல் அவர் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார். கடலூரில் பிறந்த சிறு கட்சியை ஏளனமாகப் பேச நமக்கு எந்த உரிமையும் இல்லை.

வேலையைப் பரணிலிருந்து தொடங்குங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் வீட்டு ஓடுகளைப் பெயர்த்தபோது அப்பாவின் தகரப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒட்டிக்கொண்ட தாள்களை அவசரப்பட்டுப் பிரித்து எட்டு, பத்துத் தாள்களைக் கிழித்தேன்; இன்றும் மனம் ஆறவில்லை. நிழலில் உலர்த்துங்கள், தானாக விடுபடும் தாளை மட்டும் எடுங்கள், எடுத்தவுடன் படம் பிடித்துவிடுங்கள்.

துண்டறிக்கைகளில் பெரும்பாலும் தேதி இருக்காது. சின்னத்தைப் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு நிரந்தரச் சின்னம் கிடையாது. அப்பாவுக்கு ஒரு தேர்தலில் ஒரு சின்னம், அடுத்ததில் வேறொன்று. சின்னம் தெரிந்தால் ஆண்டு தெரிந்துவிடும். அடியில் அச்சகத்தின் பெயரும் இருக்கும். தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் போட வேண்டும் என்பது சட்டம். அந்த அச்சகத்தைத் தேடிப் போங்கள். கடை மூடியிருந்தாலும் அச்சுக் கோத்தவர் பக்கத்துத் தெருவில் இருப்பார்.

வாங்கிய ஓட்டு தெரிய, தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் போதும். 1951-52 தேர்தல் முதல் வேட்பாளர்வாரியாக இருக்கின்றன. 1993 செப்டம்பர் 30 வரை நம் மாவட்டம் தென்னார்க்காடு. பழைய அரசிதழ்களையும் செய்தித்தாள்களையும் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். தொகுதிகளும் மாறியிருக்கின்றன: 2011 தேர்தலில் நெல்லிக்குப்பம் தொகுதி இல்லாமல் போய், நெய்வேலி புதிதாக வந்தது.

கைது பற்றி எழுதும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அப்பா பலமுறை சிறை சென்றவர் என்றுதான் இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். குறிப்பேட்டைப் பார்த்தால், மறியலில் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிட்ட நாட்களே அதிகம். கேப்பர் மலைச் சிறையில் இருந்தது ஒரே முறை, ஒன்பது நாள். அப்படியே எழுதினேன். நான் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். ஒன்பது நாளைப் பல ஆண்டாக்க எனக்கு மனம் வராது.

என்னைக் கேட்டால், மனுக்கள்தான் இந்த வாழ்க்கையின் உயிர். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாள், தாலுகா அலுவலக ஜமாபந்தி, ஒன்றிய அலுவலகம் என்று கொடுத்த ஒவ்வொரு மனுவின் நகலும் ஒப்புகைச் சீட்டும் அவரிடம் இருந்தன. தேதிவாரியாக அடுக்குங்கள். ஒரே ஊரின் சுடுகாட்டுப் பாதைக்கு மட்டும் பதினேழு மனுக்கள் எங்கள் பெட்டியில் கிடைத்தன. பிணத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு நீரில் வயலைக் கடந்த ஊர் அது. கடைசியில் பாதை வந்தது. திறந்து வைத்த கல்வெட்டில் வேறு பெயர் இருக்கிறது. "அப்பாதான் பாதை போட்டார்" என்று எழுதாதீர்கள். ஒரு பக்கத்தில் மனுத் தேதிகள், எதிர்ப்பக்கத்தில் வேலை உத்தரவின் தேதி, அவ்வளவே போடுங்கள்.

வேட்புமனு நகல் இருந்தால் அதைப் பொன்னைப்போல் காப்பாற்றுங்கள். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். மற்றவர்களுக்கு, 1996இல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, தொகுதி வாக்காளர் பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும். அந்தப் பத்துப் பேர்தான் உண்மையான கட்சி. மேடையில் பேசிய தலைவர்களைத் தேடுவதற்கு முன் அவர்களைத் தேடுங்கள். 2001 மனுவில் கையெழுத்திட்டவர்களில் நால்வர் உயிரோடு இருந்தார்கள்.

அதே 1996 திருத்தம் டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் தோற்றவருக்கு அது திரும்பக் கிடைக்கும். 2001இல் கட்சி பணம் கட்டியது என்று அப்பா வீட்டில் சொல்லியிருந்தார். என் முதல் படியிலும் அப்படித்தான் இருந்தது. அந்த நால்வரில் ஒருவரான தேவனாம்பட்டினத்து மீனவப் பெரியவரிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "கட்சி எங்கே கொடுத்தது, பாப்பா? நாங்கள் பத்துப் பேரும் ஆளுக்கு 500 போட்டோம்."

வீட்டுக்கு வந்து அப்பாவின் சைக்கிள் கடைக் கணக்கு நோட்டை எடுத்தேன். கடன் பாக்கி என்று நினைத்து நான் ஒதுக்கி வைத்திருந்தது. கடைசிப் பக்கங்களில் பத்துப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இருபது, முப்பது, ஐம்பது என்று சிறு தொகைகள், தேதிகள். 2006 பொங்கல் வரை பத்திலும் 500 சேர்ந்து, குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது. கணக்கு நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.