இளம்புழு அறைக்கு வெந்நீர்க் குழாய்ச் சூடு: அடுப்பு வெளியே, கதகதப்பு உள்ளே

உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு மார்கழியும் தையும் சோதனைக் காலம். முதல் இரண்டு பருவப் புழுக்களுக்கு 27 முதல் 28 டிகிரி வெப்பமும், 85 முதல் 90 சதவீதம் ஈரப்பதமும் வேண்டும். விடியற்காலைக் குளிரோ 18 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. தாளவாடி மலையில் இன்னும் மோசம். இதற்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரவில் தழை போட உள்ளே போகிறவரையே சாய்த்துவிடும்.

நெருப்பை வெளியே வைத்துச் சூட்டை மட்டும் தண்ணீர் மூலம் உள்ளே அனுப்பலாம். மோட்டாரும் மின்சாரமும் தேவையில்லை. சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும், அவ்வளவுதான் சூத்திரம். விறகுக்கும் அலைய வேண்டாம். பெரிய புழு தழை தின்று மிச்சம் வைக்கும் மல்பெரிக் குச்சி தோட்டத்திலேயே குவிந்து கிடக்கிறது.

கீழே உள்ள அளவுகள் 10க்கு 14 அடி, காங்கிரீட் கூரை போட்ட அறைக்கு.

முதலில் உயரத்தைக் குறியுங்கள்

அடுப்பு எல்லாவற்றுக்கும் கீழே. அதற்கு மேலே, அறைத் தரை மட்டத்தில், சுவருக்கு வெளியே ஒரு திண்டு கட்டி 200 லிட்டர் இரும்புப் பேரல். பேரலின் உயரத்துக்குள் அடங்கும்படி அறைக்குள் சூட்டுக் குழாய்கள். அறையின் அடித்தளம் இரண்டு அடி உயரம் இருந்தால் வசதி. இல்லையென்றால் அடுப்புக்குக் குழி தோண்டுங்கள். இந்த வரிசை மாறினால் தண்ணீர் ஓடாது.

பேரலில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். எண்ணெயோ தின்னரோ இருந்த பேரலில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும். சாயப்பட்டறைப் பேரலும் வேண்டாம்.

அடுப்பும் சுருளும்

செங்கல்லும் களிமண்ணும் போதும். அடியில் கம்பிச் சல்லடை, பின்னால் ஆறு அங்குலத் தகரப் புகைபோக்கி. புகை அறையின் ஜன்னல் பக்கம் திரும்பக் கூடாது. காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள்.

தீக்குள் இருந்து தண்ணீரைச் சூடாக்கும் சுருளுக்கு ஒரு அங்குலக் கறுப்பு இரும்புக் குழாய், சி கிளாஸ் (சிவப்புப் பட்டை போட்ட தடித்த வகை). இரண்டடித் துண்டுகள் நான்கு, எல்போ வைத்து வளைத்து வெல்டிங். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) குழாய் வேண்டாம்: வெல்டிங் வைக்கும்போது துத்தநாகப் புகை வரும், வெல்டருக்குக் காய்ச்சல் கண்டுவிடும். சுருள் ஆரம்பம் முதல் முடிவு வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓரிடம் தொங்கினாலும் நீராவி அங்கே சிக்கி 'டமார் டமார்' என்று இடிக்கும்.

பேரலின் அடியிலிருந்து சுருளின் கீழ் வாய்க்கு ஒரு குழாய். சுருளின் மேல் வாயிலிருந்து பேரலின் பாதிக்கு மேலே இன்னொன்று. இந்த இரண்டிலும் வால்வு வைக்கவே கூடாது. பேரலின் மூடி சும்மா மேலே கிடக்கட்டும்; போல்ட் போட்டு இறுக்கக் கூடாது. தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். அடைத்து வைத்த பேரல் வெடிகுண்டுக்குச் சமம்.

அறைக்குள் குழாய்

நாமக்கல்லில் பழைய லாரி ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். அதன் தகடுகள் நெருக்கமானவை, விசிறி இல்லாமல் காற்று புகாது. விசிறி வைத்தாலோ மல்பெரித் தழை சருகாகிவிடும். நமக்குச் சாதாரணக் குழாய்தான் சரி.

இரண்டு அங்குலக் கறுப்புக் குழாய், பி கிளாஸ் (நடுத்தரத் தடிமன்), ஆறு மீட்டர் நீளத்தில் நான்கு வாங்கிப் பாதியாக வெட்டுங்கள். ஏணியைப் படுக்க வைத்தது போல நான்கு நான்காக, ஆறு அங்குல இடைவெளியில் வெல்டிங் வைத்தால் இரண்டு சட்டங்கள். எதிரெதிர் நீளச் சுவர்களில், அடிக்குழாய் தரையிலிருந்து ஆறு அங்குலத்திலும் மேல்குழாய் 24 அங்குலத்திலும் வரும்படி மாட்டுங்கள். தண்ணீர் 65 டிகிரியில் இருக்கும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 80 வாட் வீதம், மொத்தம் இரண்டு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாகச் சூடு கிடைக்கும்.

பேரலில் 28 அங்குல உயரத்திலிருந்து ஒன்றேகால் அங்குலக் குழாய் கிளம்பி, மெல்லச் சரிந்து ஒவ்வொரு சட்டத்தின் மேல் மூலைக்கும் போகட்டும். எதிர்ப்பக்கக் கீழ் மூலையிலிருந்து திரும்பி, பேரலின் அடியில் மூன்று அங்குலத்தில் சேரட்டும். இப்படிச் சரித்தால் காற்றுக்குமிழ் தானாகவே பேரலுக்கு ஏறி வெளியேறிவிடும். கதவு இல்லாத பக்கமாகவே குழாயைக் கொண்டுபோங்கள். சட்டங்களுக்கு எனாமல் பெயின்ட் அடிப்பதைப் புழு வருவதற்குப் பல வாரம் முன்பே முடித்துவிடுங்கள். பெயின்ட் வாடை புழுவுக்கு ஆகாது.

பற்ற வைப்பது

மேலே நான்கு விரல் இடம் விட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். சூடேறும்போது விரிய அந்த இடம் வேண்டும். ஓர் இரவு விட்டு, கசிவு பார்த்த பிறகே தீ மூட்டுங்கள். பேரலில் மேல் குழாய் கிளம்பும் வாய்க்கு மேலே தண்ணீர் நிற்கிறதா என்று தினமும் பாருங்கள். சுருள் வறண்டு பழுத்துவிட்டால் அதில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தீயை இழுத்துப்போட்டு, ஆறும்வரை விலகி நில்லுங்கள்.

மல்பெரிக் குச்சி சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும். அதனால்தான் பேரல். 200 லிட்டர் தண்ணீர் 80 டிகிரியிலிருந்து 50க்கு இறங்கும்போது ஏழு யூனிட் மின்சாரத்துக்கு நிகரான சூட்டைக் கொடுக்கும். நள்ளிரவில் எழுந்து விறகு தள்ள வேண்டியதில்லை. தீ அணைந்த பிறகு சூடு அடுப்புக்குத் திரும்பி ஓடாது, ஆறிய தண்ணீர் கீழே சுருளிலேயே தங்கிவிடும். பேரலைச் சுற்றித் தென்னை நாரும் சாக்கும் கட்டுங்கள், அடுப்பிலிருந்து தள்ளியே. இரவு முழுவதற்கும் காய்ந்த குச்சி பத்துக் கிலோ அளவு பிடிக்கும். கடைசிச் சுற்றுக்கு இரண்டு தென்னை மட்டை சேர்த்தால் நின்று எரியும்.

பலரும் கவனிக்காதது ஈரப்பதம். 18 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றைக்கூட 27க்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தழை வாடும், புழு தின்னாது. அதனால் மேல்குழாய் மீது நனைத்த சணல் சாக்கைத் தொங்கவிட்டு, நுனியைத் தண்ணீர்த் தட்டில் ஊறவிடுங்கள். ஈரமானியை வாசலருகே மாட்டாமல் புழுத் தட்டுகளுக்கு நடுவே மாட்டுங்கள்.

ஒவ்வொரு வளர்ப்பும் முடிந்து பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்ததும் சட்டங்களை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் இரும்பை அரித்துவிடும். உள்ளே இருக்கும் தண்ணீரை மட்டும் வெளியேற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதிய போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து சுருள் அடைத்துக்கொள்ளும்.