சேலத்திலிருந்து ஹாமர்ஃபெஸ்டுக்குக் குடிபெயர்வது எப்படி

நார்வேயின் வடகோடியில், 70 டிகிரி அட்சரேகையையும் தாண்டி இருக்கிறது ஹாமர்ஃபெஸ்ட். எரிவாயு ஆலை, மீன் தொழில், மருத்துவமனை என்று வெளியாட்களுக்கு வேலை இருக்கும் சின்னத் துறைமுக ஊர். பக்கத்துக் கடற்கரை ஊர்களான வாட்ஸோ, வார்டோ, ஹொனிங்ஸ்வோகுக்கும் இந்தக் குறிப்புகள் பொருந்தும். 1980-களிலேயே இலங்கைத் தமிழர்கள் இந்தப் பகுதி மீன் ஆலைகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். கிளம்புகிறவர்கள் எல்லாரும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குளிருக்குச் சட்டை போட்டுக்கொள்ளலாம். காகித வேலையில் வரிசை தப்பினால்தான் பாடு.

வேலை, ஏஜென்ட்

திறன்மிக்க பணியாளர் அனுமதிக்குக் கையில் ஒரு முதலாளியின் எழுத்துபூர்வமான வேலை ஒப்பந்தம் வேண்டும். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் பதிவுசெய்யும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். நர்ஸ் படிப்பு முடித்தவர்கள் நார்வே சுகாதாரத் துறையின் அங்கீகாரம் இல்லாமல் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. அதற்கு நார்வேஜிய மொழித் தேர்வும் உண்டு. மொழியை இங்கிருக்கும்போதே தொடங்குங்கள்.

இனிஷியலும் சர்நேமும்

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், கல்யாணச் சான்றில் அப்பா பெயர் முழுதாக. நார்வேயின் மக்கள் பதிவேடு குடும்பப் பெயரைக் கேட்கும். டிக்கெட், அனுமதி அட்டை, வங்கி என்று ஒவ்வொன்றிலும் பெயர் ஒவ்வொரு மாதிரி ஏறிவிட்டால், அதைச் சரிசெய்வதே தனி வேலையாகிவிடும். எனவே விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்துச் சர்நேமை நிரப்பிக்கொள்ளுங்கள். குடும்பமாகப் போனால் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து வைத்து ஒரே சமயத்தில் முடிவெடுங்கள். கணவனுக்கும் மனைவிக்கும் வெவ்வேறு சர்நேம் இருந்தால் குற்றமில்லை, உறவைக் காட்டும் சான்றுகளில் எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இருந்தால் போதும்.

கல்யாணப் பத்திரிகையும் மண்டப ரசீதும் அங்கே செல்லாது. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய சான்று வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றை எடுத்துப் பாருங்கள். பெயர் ஏறாமல் "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் இருந்தால், மாநகராட்சியில் பெயரைச் சேர்த்துப் புதுச் சான்று வாங்குங்கள். பிறகு மாநில அரசின் சான்றொப்பம், அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது சான்றை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் முத்திரை. இந்த வரிசை மாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூலச் சான்றை லேமினேட் செய்திருந்தால் அதன்மேல் முத்திரை ஏறாது. புதுப் பிரதிக்கு விண்ணப்பியுங்கள்.

பல் வேலை, கண்ணாடி இரண்டையும் சேலத்திலேயே முடித்துவிடுங்கள். நார்வேயில் பெரியவர்களின் பல் சிகிச்சைக்குப் பெரும்பாலும் சொந்தக் காசுதான், அதுவும் நம் கணக்குக்கு மிக அதிகம்.

எந்த மாதம் போவது

ஆகஸ்ட் நல்லது. பள்ளி அப்போதுதான் திறக்கும், வெளிச்சமும் படிப்படியாகக் குறையும். நவம்பரில் போய் இறங்காதீர்கள். ஹாமர்ஃபெஸ்டில் நவம்பர் 21 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி 21 வாக்கில்தான் திரும்ப எட்டிப்பார்க்கும். தைப் பொங்கலன்று படையல் வைக்கலாம், சூரியன் வர இன்னும் ஒரு வாரம் ஆகும்! கோடையில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறைவதே இல்லை. அப்போது வெளிச்சம் புகாத திரை இல்லாவிட்டால் குழந்தைகள் இரவு பதினொரு மணிக்கும் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

பெங்களூரிலிருந்து கிளம்புவது சுலபம். கடைசி விமானம் வரை எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். ஹாமர்ஃபெஸ்டில் இறங்குவது சின்ன விமானம், பலத்த காற்றடித்தால் ரத்தாகும். தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் நஷ்டம் உங்களுடையது. ஆஸ்லோவில் பொதுவாகப் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடியும் கொடுக்க வேண்டும் என்பதால் 3 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நெய், பால்கோவா, இறைச்சி எதையும் இந்தியாவிலிருந்து கொண்டுபோகக் கூடாது. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய பருப்பு, மிளகாய்த்தூள், இட்லிப்பொடி, ஏற்காட்டுக் காபித்தூள் எல்லாம் போகலாம்.

இறங்கிய முதல் மாதம்

இங்கே ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்தது வரும். வந்த 7 நாளுக்குள் போலீஸில் பதிய வேண்டும். அனுமதி கிடைத்த அன்றே, சேலத்திலிருந்தே, ஆன்லைனில் நேரம் குறியுங்கள். அடுத்தது வரி அலுவலகத்தில் அடையாளச் சோதனை. எல்லா வரி அலுவலகமும் அதைச் செய்வதில்லை. எந்த ஊர் என்று முன்பே பாருங்கள். அது முடிந்தால்தான் அடையாள எண்ணும் வரி அட்டையும் கிடைக்கும். வரி அட்டை இல்லாமல் சம்பள நாள் வந்துவிட்டால் முதலாளி 50 சதவீதம் பிடித்தே ஆக வேண்டும். எண் வந்த பிறகு வங்கிக் கணக்கு, பிறகு பேங்க்-ஐடி என்னும் மின்னடையாளம். அது இல்லாமல் வாடகை ஒப்பந்தம் முதல் டாக்டரைத் தேர்ந்தெடுப்பது வரை பல வேலைகள் இழுபடும். இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணம் ஃபாரெக்ஸ் கார்டில் இருக்கட்டும்.

அட்டையும் கடிதமும் தபாலில் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். வீட்டுக்காரர் பெயர் மட்டும் இருந்தால் போதாது. குடியேறிய அன்றே எல்லாருடைய பெயரையும் எழுதி ஒட்டுங்கள்.

வாடகை முன்பணம் சட்டப்படி 6 மாத வாடகையைத் தாண்டக் கூடாது, வழக்கத்தில் 3 மாதம் கேட்பார்கள். அதை வீட்டுக்காரர் கணக்கில் போடக் கூடாது. உங்கள் பெயரில் திறக்கும் தனி டெபாசிட் கணக்கில்தான் கிடக்க வேண்டும். "என் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள்" என்றால் அந்த வீடு வேண்டாம்.

ஹாமர்ஃபெஸ்ட் இருக்கும் ஃபின்மார்க் மாவட்டத்தில் பொது வருமான வரி, மற்ற இடங்களில் உள்ள 22-க்குப் பதில் 18.5 சதவீதம். மின்சாரத்துக்கு வாட் வரி கிடையாது. 2023 ஆகஸ்டிலிருந்து குழந்தைகளின் பகல்நேரக் காப்பகமும் இலவசம். வீட்டுச் செலவைக் கணக்குப் போடும்போது இதையும் சேருங்கள். ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக்கொடுங்கள்.

உடை

ஏற்காட்டு ஸ்வெட்டரை வைத்து இந்த ஊரை அளக்காதீர்கள். கடல் நீரோட்டத்தால் ஹாமர்ஃபெஸ்டில் ஜனவரியில் சராசரி மைனஸ் 5 வாக்கில்தான் இருக்கும், துறைமுகமும் உறையாது. ஆட்டிப்படைப்பது காற்றுதான். மைனஸ் 5-இல் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்றடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 15 போல இருக்கும். அடியில் மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்பைக் குளிரடிக்கும். இவற்றை அங்கேயே வாங்குங்கள். வழுக்காமலிருக்க ஷூவில் மாட்டும் இரும்பு முள்பட்டையும், இருட்டில் மின்னும் பட்டையும் அவசியம்.

உணவாகவோ மாத்திரையாகவோ தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி தேவை. அங்கே காட் மீன் ஈரல் எண்ணெய் 5 மில்லி குடிக்கும் பழக்கம் அதற்குத்தான். நம் தோல் நிறத்துக்கு அந்த வெயில் போதாது என்பதால் இதில் அசட்டை கூடாது. காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கு முன்னால் உட்கார்வது பலருக்கு உதவுகிறது.

அடுப்படி

மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மிக்ஸி ஓடும். பிளக் மட்டும் பொருந்தாது. எர்த் இணைப்பு உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள், இரண்டு முள் மலிவு அடாப்டரில் எர்த் இருக்காது. இண்டக்‌ஷன் அடுப்பு உள்ள வீடானால் அலுமினியக் குக்கர் பயன்படாது. எவர்சில்வர் எல்லாமும் ஆகாது: பாத்திரத்தின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், கெட்டியாக ஒட்டாவிட்டால் சூடேறாது.

வீட்டுக்குள் 20 டிகிரியில் மாவு ஒரே இரவில் புளிக்காது. வெதுவெதுப்பான நீர் ஊற்றி அரைத்து, உப்பைக் கையால் பிசைந்து, அடுப்பைப் போடாமல் ஓவனுக்குள் வைத்து உள்விளக்கை மட்டும் எரியவிடுங்கள். 12 முதல் 16 மணி நேரத்தில் பொங்கும். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள், யாராவது தெரியாமல் போட்டுவிடுவார்கள். தாளிக்கும் முன் புகைபோக்கியை முழு வேகத்தில் வையுங்கள். மிளகாய் கருகினால் புகை அலாரம் ஊரைக் கூட்டிவிடும்.

சாலையும் புயலும்

இந்திய ஓட்டுநர் உரிமத்தை அப்படியே நார்வே உரிமமாக மாற்றித் தரமாட்டார்கள். வழுக்குச் சாலைப் பயிற்சி, ஓட்டும் தேர்வு எல்லாம் உண்டு. ஆணி பதித்த டயரை இந்த வட மாவட்டங்களில் அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை போடலாம். குளிர்கால டயரின் பட்டன் ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. புயலில் மலைச்சாலையை மூடுவார்கள், அல்லது பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகக் கூட்டிப்போவார்கள். அந்த வரிசையில் நிற்கும்போது தொட்டியில் எரிபொருளும் வண்டியில் போர்வையும் இருக்க வேண்டும்.

அரசு சொல்வது ஒரு வாரத்துக்கான இருப்பு. ஆளுக்கு 20 லிட்டர் தண்ணீர், சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, டார்ச், பேட்டரி ரேடியோ. ஆம்புலன்ஸ் 113, போலீஸ் 112, தீயணைப்பு 110. உயிருக்கு ஆபத்தில்லாத இரவு நேர மருத்துவத்துக்கு 116117. இந்த நான்கையும் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள், ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மா அப்பாவுக்கும் அது தேவைப்படும்.