ஸ்கீமா மார்க்கப்பைச் சோதிப்பது எப்படி?

கூகுளில் சமையல் குறிப்பு தேடினால் சில பக்கங்கள் மட்டும் படம், சமைக்கும் நேரம், நட்சத்திர மதிப்பீட்டுடன் வரும். அவற்றின் நிரலுக்குள் (கோட்) 'ரெசிபி' ஸ்கீமா இருக்கும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடுதான் இந்த ஸ்கீமா மார்க்கப். உங்கள் பக்கத்திலும் அதைச் சேர்த்துவிட்டீர்களா? சரி, இனி சோதிப்போம்.

முதலில் கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட் கருவியைத் திறந்து, பக்கத்தின் முகவரியை ஒட்டிச் சோதனையைத் தொடங்குங்கள். இன்னும் வெளியிடாத பக்கம் என்றால், 'கோட்' பகுதியில் நிரலை நேரடியாக ஒட்டலாம்.

முடிவில் சிவப்பில் வருவது கட்டாயம் திருத்த வேண்டிய பிழை. ரெசிபிக்குப் பெயரும் படமும் கட்டாயம். ஒன்று விடுபட்டாலும் அந்தச் சிறப்புத் தோற்றம் கிடைக்காது. மஞ்சளில் வருபவை இருந்தால் நல்லது என்ற வகை. பதற வேண்டாம்.

நிரலைப் படிக்கவே முடியவில்லை என்று கருவி சொன்னால், நிறுத்தக்குறிகளைப் பாருங்கள். ஸ்கீமாவை எழுதும் வடிவமான ஜேசன்-எல்டியில் கடைசி வரிக்குப் பின் ஒரு கமா மிஞ்சினாலும் மொத்தமும் கெட்டுவிடும். வேர்டில் தட்டி ஒட்டும்போது நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறிவிடும். கண்ணுக்கு லேசில் தெரியாது. சமைக்கும் நேரத்துக்கும் தனி வடிவம் உண்டு. 30 நிமிடம் என்றால் பி, டி, 30, எம் என்று இடைவெளியின்றி, பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும்.

அப்புறம், ஸ்கீமா வகைகளை வரையறுக்கும் ஸ்கீமா.ஆர்க் தளத்தின் வேலிடேட்டர் என்ற சோதனைக் கருவியிலும் ஒருமுறை சோதியுங்கள். கூகுள் கருவி, கூகுள் தேடலில் காட்டும் வகைகளை மட்டுமே பார்க்கும். வேலிடேட்டர் எல்லா ஸ்கீமா வகைகளையும் பார்க்கும்.

அடுத்ததைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பக்கத்தையும் மார்க்கப்பையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். பக்கத்தில் 45 நிமிடம், மார்க்கப்பில் 20 நிமிடம் என்றிருந்தாலும் கருவி பச்சைதான் காட்டும். பக்கத்தில் இல்லாத மதிப்பீட்டை மார்க்கப்பில் போடுவது கூகுள் விதிக்கு எதிரானது, வாசகரை ஏமாற்றுவதும்கூட. பிடிபட்டால் தேடல் வரிசையில் இடம் மாறாது. ஆனால் சிறப்புத் தோற்றம் பறிபோகும். இரண்டு பிளகின்கள் (தளத்தில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்கள்) ஒரே ரெசிபியை இரண்டு முறை எழுதியிருக்கின்றனவா என்றும் கவனியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தேடலில் வரவில்லையா? சிறப்புத் தோற்றத்துக்கு கூகுள் உத்தரவாதம் தருவதில்லை. எஃப்ஏக்யூ (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்) ஸ்கீமாவின் சிறப்புத் தோற்றத்தையே, 2023 ஆகஸ்டில், பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் எனச் சுருக்கிவிட்டது.

கடைசியாக, தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் சேவையில் ரெசிபி அறிக்கையைத் திறந்து, பிழைகளைத் திருத்தியபின் 'வேலிடேட் ஃபிக்ஸ்' அழுத்துங்கள். முடிவு வர இரண்டு வாரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.