காயலான் கடை உளியை மறுபடி வெட்ட வைப்பது

பழைய உளி, இழைப்புளி அலகு எல்லாம் காயலான் கடையில் துருப்பிடித்த குவியலுக்குள் கிடக்கும், பொறுமையாகக் கிளற வேண்டும். தச்சு வேலையை விட்டுவிட்ட குடும்பங்களின் பரணிலும் தாத்தா காலத்துப் பெட்டி இருக்கும். அங்கே பக்குவமாகக் கேளுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்ட சாமான் அது, அதைப் பழைய இரும்பு விலைக்குக் கேட்பது சரியில்லை.

துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது உளியின் தட்டையான பக்கம், அதுவும் முனைக்கு அருகில். அங்கே ஆழமாகக் குழி விழுந்திருந்தால் எவ்வளவு தீட்டினாலும் கூர் பல்லுப் பல்லாகத்தான் வரும், விட்டுவிடுங்கள். சரிவான பக்கம் எப்படியும் தேய்த்து எடுக்கப் போவதுதான், அங்கே குழி இருந்தால் பரவாயில்லை. சில அலகுகளில் ஷெஃபீல்டு, ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று முத்திரை இருக்கும். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் மூசை என்னும் மண்குடுவையில் உருக்கிச் செய்யத் தொடங்கிய வகை எஃகு அது. விலை கூடியது என்பதால் பழைய இழைப்புளி அலகுகளில் முனைப் பக்கம் மட்டும் மெல்லிய தகடாக வைத்து, மெல்லிரும்போடு உலையில் அடித்து ஒட்டியிருப்பார்கள். சரிவை மினுக்கிப் பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். அந்த எஃகு இன்னும் எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத்தான் நான் வாங்குவேன்.

துரு எடுக்க ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து சில மணி நேரம் ஊற வையுங்கள். மரப்பிடி நனையக் கூடாது. அவ்வப்போது எடுத்துப் பிரஷ்ஷால் தேயுங்கள், இரவு முழுக்க விட்டால் நல்ல இரும்பையும் அரித்துவிடும். அப்புறம் ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, எண்ணெய் தடவிவிடுங்கள்.

சாணை பிடிக்கும் கிரைண்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அவசரப்பட்டு ஒரு நல்ல உளியை அதில் வைத்தேன், இரண்டு நொடியில் முனை நீலமாகிவிட்டது. நீலம் வந்தால் சூட்டில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தில் கூர் நிற்காது, நீலம் ஓடிய வரைக்கும் தேய்த்துக் கழிக்க வேண்டியதுதான். இன்றைக்கும் அந்த உளியை எடுத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. கையாலேயே தேயுங்கள். கனமான கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, தட்டைப் பக்கத்தின் முனைப்பகுதி ஒரே சீராக மின்னும்வரை தேய்த்து, அதன்பிறகு சரிவை 25 டிகிரியில் தீட்டுங்கள். தட்டைப் பக்கத்தில் பிசிறு விரலில் தட்டும்போது அந்தப் பக்கத்தைத் தீட்டுக்கல்லில் தட்டையாக வைத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள்.

பிடி நன்றாக இருந்தால் மாற்றாதீர்கள், ஒரு கைக்குப் பழகிய மரம் அது. வெடித்திருந்தால் கருவேலத்தில் புதிதாகக் கடையலாம். பூசுவதற்கு ஆளிவிதை எண்ணெய்தான் சரி, தேங்காய் எண்ணெய் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடும், வெளியில் விரித்துக் காயப் போடுங்கள்.